வீட்டுப் பட்டறைக்கு விளக்கு வையுங்கள்; வீட்டார் கண்ணைக் காப்பாற்றுங்கள்



விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போனாலும் சரி, உள்ளே செஞ்சி, மயிலம், மரக்காணம் பக்கம் கிராமச் சாலையில் சைக்கிளில் போனாலும் சரி, வீட்டோடு சேர்ந்த வெல்டிங் பட்டறை கண்ணில் படாமல் இருக்காது. வாசலில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மிஷின், ஒரு ஹோல்டர், ஒரு கட்டு ராடு. ஜன்னல் கிரில், இரும்புக் கேட்டு, டிராக்டர் கலப்பை, டிரெய்லர் கதவு என்று வேலை வந்துகொண்டே இருக்கும். கணவர் வேலை செய்வார். மனைவி ஒரு பக்கம் பிடித்துக் கொடுப்பார். பிள்ளைகள் திண்ணையில் பாடம் படிப்பார்கள். வீடும் பட்டறையும் ஒன்றுதான்.

அப்படிப்பட்ட குடும்பத்தாருக்காகவே இந்தப் பாடம் எழுதப்படுகிறது. ஷீல்டு போடுங்கள், கண்ணைக் காப்பாற்றுங்கள் என்று பலரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் ஷீல்டு வாங்கி ஆணியில் மாட்டி வைத்திருப்பீர்கள். அது ஏன் ஆணியிலேயே தொங்குகிறது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு வீட்டில் நடந்தது

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். ஆவணி மாதம் கிரகப்பிரவேசம் வைத்திருந்த ஒரு வீட்டுக்காரர், "நாளைக் காலையில கேட்டு மாட்டியாகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் இரவு வேலைக்கு உட்கார்ந்தார். கொட்டகை உச்சியில் ஒரே ஒரு பல்பு. ராடை இரும்பில் வைத்ததும் கரண்டு இழுத்து அந்த பல்பும் மங்கியது.

"இந்தா, செல்போன் லைட்டைக் கொஞ்சம் பிடி. கோடு தெரியலை."

"ஏங்க, கண்ணு கூசுதுங்க."

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. நாலு டேக்குதான்."

நாலு டேக்கு நாற்பது ஆயிற்று. ஒவ்வொரு டேக்குக்கும் அவர் ஷீல்டை ஒதுக்கி, இடத்தைப் பார்த்து, முகத்தைத் திருப்பி ராடைத் தட்டினார். அந்த அம்மாவோ வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். பத்து மணிக்கு வேலை முடிந்து இருவரும் படுத்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு இருவருக்கும் கண்ணில் மண்ணை அள்ளிக் கொட்டினாற் போல எரிச்சல். தண்ணீராக வழிகிறது, இமை திறக்கவில்லை. பிள்ளைக்குப் பால் காய்ச்சக்கூட எழுந்திருக்க முடியாமல் இருவரும் சுவரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்டு மறுநாள் மாட்டப்படவில்லை. இரண்டு நாள் கூலியும் போயிற்று.

சில நாள் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போனபோது, "ஷீல்டு இருக்கே ஐயா, ஏன் பிடிக்கலை?" என்று கேட்டேன். அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "பிடிச்சா தெரியலைங்க."

இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. அவர் அலட்சியக்காரர் அல்ல. இடம் தெரியாததால் ஷீல்டைத் தூக்கினார். அவர் மனைவி லைட்டைப் பிடிக்கப் போய்த் தன் கண்ணையும் கெடுத்துக்கொண்டார். வேலை செய்யும் இடம் நன்றாகத் தெரிந்தால் ஷீல்டு தானாகவே முகத்துக்கு முன்னால் நிற்கும்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

வெல்டிங் ஆர்க்கிலிருந்து கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வருகிறது. அதோடு தெரியாத கதிர்களும் வருகின்றன. அவற்றில் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல் தோலைச் சுட்டுவிடும். வெயிலில் தோல் கருகுவது போலத்தான். சுட்ட உடனே தெரியாது. பெரும்பாலும் ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். பகலில் பட்ட அடி நடு இரவில் எழுப்புவது இதனால்தான்.

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் டேக் அடிக்கிறேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. இமை மூட கால் நொடி வரை ஆகும். ஆர்க் வெளிச்சம் அதற்கு முன்பே உள்ளே போய்விடும். ஒரு நாளில் படும் சின்னச் சின்ன அடிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டே போகும். நாற்பது டேக்கு என்றால் நாற்பது அடி.

கருவிழியின் மேல் தோல் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். ஆனால் பலமான வெளிச்சத்தை நேராகப் பார்த்தால் கண்ணின் உட்புறத்தில் இருக்கும் விழித்திரை புண்ணாகலாம். அந்தச் சேதம் ஆறாமலே போவதும் உண்டு. பல வருஷம் தொடர்ந்து பட்டால் கண்புரையும் கண்ணில் சதை வளர்வதும் வர வாய்ப்பு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, வெல்டிங்கில் வரும் புகையையும் புற ஊதாக் கதிரையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2017-ல் வகைப்படுத்தியது. ஆகவே இது இரண்டு நாள் எரிச்சலோடு முடிந்துவிடும் சங்கதி அல்ல.

ஏன் இடம் தெரிவதில்லை?

நான்கு காரணங்கள் உண்டு. உங்கள் பட்டறையில் எது என்று நீங்களே பாருங்கள்.

ஒன்று, விளக்கு தூரத்தில் இருக்கிறது, அல்லது தவறான பக்கத்தில் இருக்கிறது.
இரண்டு, ஷீல்டுக் கண்ணாடி அழுக்காக இருக்கிறது, அல்லது அளவுக்கு மேல் கறுப்பாக இருக்கிறது.
மூன்று, புகை நேராக மேலே எழும்பி இணைப்பை மறைக்கிறது.
நான்கு, வேலை செய்பவருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது.

விளக்கை எங்கே வைப்பது?

விளக்கைக் கிட்டே கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு ஆகும். வேலைக்கு 8 அடி உயரத்தில் தொங்கும் பல்பை 2 அடிக்குக் கொண்டு வந்தால் அதே பல்பு 16 மடங்கு வெளிச்சம் கொடுக்கும். கரண்டு பில்லில் ஒரு காசு கூடாது. சாதாரண 9 வாட் எல்.இ.டி. பல்பே போதும்.

வலது கைக்காரர் விளக்கை இடது பக்கம், சற்று முன்னால், மேலே வைக்க வேண்டும். அப்போது கையின் நிழல் இணைப்பின் மேல் விழாது. இடது கைக்காரருக்கு இது மாறும். விளக்குக்கு ஒரு தகர மூடி போட்டு, வெளிச்சம் இரும்பின் மேல் விழும்படியும் உங்கள் கண்ணில் விழாதபடியும் திருப்புங்கள்.

முதுகுக்குப் பின்னால் விளக்கு வைக்காதீர்கள். தலையில் மாட்டும் ஷீல்டாக இருந்தால், பின்னாலிருந்து வரும் வெளிச்சம் உள்ளே நுழைந்து கண்ணாடியின் உட்புறத்தில் பட்டுத் தெறிக்கும். அப்போது இணைப்புக்குப் பதிலாக உங்கள் முகமே கண்ணாடியில் தெரியும். வெட்டவெளியில் வேலை செய்யும்போதும் வெயிலுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் இருக்கும்படி உட்காருங்கள். வேறு வழி இல்லையென்றால், ஷீல்டின் பின்புறம் ஒரு பருத்தித் துண்டைத் தொங்க விட்டு மூடிக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் துணி வேண்டாம். பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

ராடு தட்டும்போது வீட்டு லைட்டு மங்குகிற ஊர்களில் சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கு நல்லது. மிஷின் எவ்வளவு இழுத்தாலும் அது மங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரமாக இருக்கும் நாட்களில் ஷாக் அடிக்கும் பயமும் குறைவு. கரண்டு விளக்குதான் வைக்க முடியும் என்றால், வயர் வெட்டுப்படாமல், எர்த் இணைப்போடு, பொறி விழாத பக்கமாகப் போகட்டும். வேலை செய்யும் இரும்பின் மேலேயே விளக்கை மாட்டாதீர்கள்.

விளக்கைப் பிடிக்க ஆள் வேண்டாம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மனைவியிடமோ பிள்ளையிடமோ டார்ச்சையோ செல்போனையோ கொடுத்து நிற்க வைக்காதீர்கள். விளக்குப் பிடிக்கிறவர் வேலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஷீல்டு உங்கள் கையில் இருக்கும்; ஆர்க் அவர் கண்ணில் இருக்கும்.

ஊருக்கெல்லாம் கேட்டு செய்து கொடுக்கிற நீங்கள் உங்கள் வீட்டுக்கு ஒரு விளக்கு ஸ்டாண்டு செய்துகொள்ளக் கூடாதா? லாரியின் பழைய பிரேக் டிரம் ஒன்றை அடியில் வையுங்கள், சாயாது. அதன் மேல் 3 அடி பைப் ஒன்று நிறுத்துங்கள். மேலே வளையும் கை ஒன்று வைத்து சார்ஜ் விளக்கை மாட்டுங்கள். அரை மணி நேர வேலை. கிடக்கிற துண்டு இரும்பே போதும்.

கண்ணாடியைக் கவனியுங்கள்

ஷீல்டில் இரண்டு கண்ணாடி உண்டு. உள்ளே இருப்பது கறுப்புக் கண்ணாடி. கண்ணைக் காப்பது அதுதான். அதற்கு முன்னால் இருப்பது வெள்ளைக் கண்ணாடி; பொறி தெறித்துக் கறுப்புக் கண்ணாடி கெடாமல் இருக்க அது வைக்கப்படுகிறது. வெள்ளைக் கண்ணாடி மலிவு. புள்ளி புள்ளியாகிப் பனி மூடினாற் போல ஆனதும் மாற்றிவிடுங்கள். தினமும் வேலை தொடங்கும் முன் ஈரத்துணியால் துடையுங்கள். கறுப்புக் கண்ணாடியில் கீறல் விட்டிருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

கறுப்புக் கண்ணாடியில் ஓர் எண் போட்டிருக்கும். எண் கூடக் கூடக் கறுப்பு கூடும். 12 கேஜ் ராடுக்கும் 10 கேஜ் ராடுக்கும் 10-ஆம் எண் கண்ணாடி வசதியாக இருக்கும். தடித்த 8 கேஜ் ராடுக்கு 11 அல்லது 12 வேண்டும். முதலில் அதிகக் கறுப்பில் தொடங்கி, உருகும் இரும்பும் அதன் இரண்டு கரையும் தெளிவாகத் தெரியும் வரை ஒவ்வோர் எண்ணாகக் குறையுங்கள். 60 ஆம்பியருக்கு மேல் 8-ஆம் எண்ணுக்குக் கீழேயும், 160 ஆம்பியருக்கு மேல் 10-ஆம் எண்ணுக்குக் கீழேயும் போகக் கூடாது. வேலை முடிந்ததும் கண்ணுக்கு முன்னால் பச்சைப் பொட்டு நின்றுகொண்டே இருந்தால் கண்ணாடி போதவில்லை என்று அர்த்தம்.

அளவுக்கு மேல் கறுப்பாக இருப்பதும் குற்றம்தான். ஒன்றும் தெரியாமல் போனால் மனிதன் ஷீல்டை விலக்கி எட்டிப் பார்ப்பான். கேஸ் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் கண்ணாடி ஆர்க் வெல்டிங்குக்கு உதவாது. திருவிழாவில் விற்கும் கூலிங் கிளாஸ் எதற்குமே உதவாது.

வசதி உள்ளவர்கள் தானாகக் கறுக்கும் ஷீல்டு வாங்கலாம். ராடு தட்டும் வரை அதன் வழியாக இடம் தெரியும். தட்டிய கணத்தில் கறுத்துவிடும். கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். ஆனால் கறுக்காத நேரத்திலும் அது வெயில் கண்ணாடி போலச் சற்று மங்கலாகத்தான் இருக்கும். ஆகவே அதற்கும் கிட்டே நல்ல விளக்கு வேண்டும். முன்னால் இருக்கும் சென்சார் கண்களைக் கையோ பைப்போ மறைத்தால் அது கறுக்காமல் போகலாம். அதையும் துடைத்துச் சுத்தமாக வைத்திருங்கள்.

டேக் அடிக்கும் முறை

1. துருவையும் பெயிண்டையும் வயர் பிரஷ் போட்டு எடுங்கள். பளிச்சென்ற இரும்பில் இணைப்பு நன்றாகத் தெரியும்.

2. இணைப்பின் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போடுங்கள். டேக் அடிக்கும் இடத்தில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி தட்டுங்கள்.

3. பொருளை ஆள் பிடிக்காமல் கிளாம்பு போட்டு நிறுத்துங்கள்.

4. முழங்கையை எங்காவது ஊன்றிக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் ராடு நுனியைப் புள்ளிக்கு ஒரு விரல் கடை தூரத்தில் கொண்டு வந்து நிறுத்துங்கள். கை அங்கேயே நிற்கட்டும்.

5. இப்போது ஷீல்டை முகத்துக்கு முன்னால் கொண்டு வாருங்கள். பிறகுதான் ராடைத் தட்ட வேண்டும். இந்த வரிசை ஒரு நாளும் மாறக் கூடாது.

6. தலையைப் புகைக்கு நேர் மேலே வைக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். கொட்டகையின் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். புகை விலகினால் பார்வையும் தெளியும், நெஞ்சுக்கும் நல்லது.

7. கசடு தட்டும்போது கறுப்புக் கண்ணாடி வேண்டாம். வெள்ளைக் கண்ணாடி போட்ட காகிள்ஸ் வேண்டும். சூடான கசடு கண்ணில் தெறித்து ஒட்டிக்கொள்ளும்.

பழைய துண்டு இரும்பில் இப்படி ஒரு நாள் பழகிப் பாருங்கள். இரண்டாம் நாள் கை தானாகப் போகும். இடம் தெரிந்து வைத்த டேக் கோட்டிலேயே விழும். பிறகு உடைத்து வைக்கிற வேலை மிச்சம்.

நாற்பது வயது ஆகிவிட்டதா?

நாற்பதைத் தாண்டியவருக்குக் கிட்டப் பொருள் மங்கும். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கையை நீட்டிப் பார்ப்பது போல, வெல்டரும் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பார். இது நோய் அல்ல, வெள்ளெழுத்து. வயது ஆக ஆகக் கண்ணுக்குள் போகும் வெளிச்சமும் குறையும். இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் அறுபது வயதுக் கண்ணுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகும். ஆகவே அப்பாவுக்கு வேண்டிய விளக்கு மகனுக்கு வேண்டியதைவிடப் பெரியது.

கண் மருத்துவ உதவியாளர் வரும் நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொண்டு போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். போகுமுன் உங்கள் மனைவியை ஒரு கயிற்றால் அளக்கச் சொல்லுங்கள்: வேலை செய்யும்போது கண்ணுக்கும் இரும்புக்கும் எத்தனை அங்குலம்? அந்த அளவைச் சொன்னால் அதற்கேற்ற கண்ணாடி எழுதிக் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு மேலே ஷீல்டைப் பிடிக்கலாம். ஷீல்டுக்குப் பதிலாக அதை நம்பக் கூடாது.

அம்மாமார்களுக்கு

பட்டறையில் நிற்க வேண்டியிருந்தால் உங்களுக்கும் தனி ஷீல்டு வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதாது. கதிர் சுவரிலும் தகரத்திலும் பட்டுத் திரும்பி வரும். பளபளக்கும் தகடுகளைப் பக்கத்தில் சாய்த்து வைக்காதீர்கள். சுவருக்குப் பளபளப்பில்லாத பெயிண்டு அடியுங்கள். வீட்டுப் பக்கம் ஒரு தகரத் தட்டியோ கனத்த தார்ப்பாயோ மறைப்பாக இருக்கட்டும். பிள்ளைகள் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து பாடம் படிக்கட்டும். பத்தடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தாலும் கண்ணில் அடிக்கும். "வெல்டிங்!" என்று அவர் ஒரு குரல் கொடுத்த பிறகே ராடைத் தட்ட வேண்டும் என்று வீட்டில் சட்டம் போடுங்கள்.

கண்ணில் அடித்துவிட்டால்

கண்ணைக் கசக்காதீர்கள். இருட்டான அறையில் இமையை மூடிப் படுங்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் துணி நனைத்து மூடிய இமையின் மேல் போடுங்கள்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச் சாறு, வெட்டிய உருளைக்கிழங்கு எதையும் கண்ணில் விடவோ வைக்கவோ வேண்டாம். தோல் உரிந்த கருவிழியில் அவற்றால் புண் சீழ் பிடிக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் மரத்துப் போகும் சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள். வலி நிற்கும், ஆனால் புண் ஆறாது. திரும்பத் திரும்பப் போட்டால் கருவிழியே கெட்டுவிடும்.

முடிந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு கண்ணில் மட்டும் வலி இருந்தாலும், ஏதோ குத்தினாற் போல இருந்தாலும், பார்வை மங்கினாலும், இரண்டு நாளில் குறையாவிட்டாலும் தாமதிக்கவே கூடாது. திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் நடந்து வரும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ போங்கள். வெல்டிங் வேலை என்று மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் இப்போது

பிரேக் டிரம் ஸ்டாண்டு ஒன்று நிற்கிறது. அதை அவரே செய்தார். வெள்ளைக் கண்ணாடி அரை டஜன் பெட்டியில் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் பார்த்து மாற்றுவது அந்த அம்மாவின் பொறுப்பு. "இப்ப ஷீல்டைத் தூக்க வேண்டிய வேலையே இல்லைங்க" என்றார் அவர். "ராத்திரி நிம்மதியாத் தூங்குறோம்" என்றார் அந்த அம்மா.

தம்பதியர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள

1. நம் பட்டறை விளக்கு வேலைக்கு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? எந்தப் பக்கம்?
2. நம் கறுப்புக் கண்ணாடியின் எண் என்ன? வெள்ளைக் கண்ணாடி எப்போது மாற்றினோம்?
3. டேக் அடிக்கும்போது ஷீல்டு முதலா, ராடு முதலா?
4. நம் வீட்டில் விளக்குப் பிடிப்பது யார்?

நாலாவது கேள்விக்கு "ஸ்டாண்டு" என்று பதில் வரும் வரை இந்தத் தாளைச் சுவரிலேயே ஒட்டி வையுங்கள். படித்தவர்கள் பக்கத்துப் பட்டறைக்காரருக்கும் படித்துச் சொல்லுங்கள்.